பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்புக்கு எந்த ஆண்டில், எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது?

பிசிஷியன் அசிஸ்டன்ட் என்பவர் மருத்துவரோடு இணைந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிப்பவர்; அதற்கான படிப்பு நான்காண்டு இளங்கலைப் பட்டத்துக்குப் பின் வருவது. அமெரிக்காவில் இந்தப் படிப்பில் சேர விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் கடைசித் தேதியைத்தான். கடைசித் தேதி என்பது ஒரு கல்வி நிறுவனம் விண்ணப்பங்களை வாங்குவதை நிறுத்திக்கொள்ளும் நாள்; விண்ணப்பிக்கத் தகுந்த நாளோ அதற்குப் பல மாதங்கள் முன்பே வந்து போய்விடுகிறது. உண்மையில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்த ஆண்டில் விண்ணப்பிப்பது, அந்த ஆண்டின் எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது. மாதத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஆண்டுக்கான பதில் ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தவறாகக் கணித்துவிட்டு வருந்துபவர்களே அதிகம் என்பதால், இக்கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியே பேசுகிறது.

இத்தொழிலைச் சுருக்கமாகப் பி.ஏ. என்பார்கள். தமிழில் அந்த இரண்டு எழுத்துகள் இளங்கலைப் பட்டத்தையே நினைவூட்டும் என்பதால் இங்கே முழுப்பெயரையே எழுதுகிறேன். 2021இல் இத்தொழிலின் தேசியச் சங்கம் 'பிசிஷியன் அசோசியேட்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. எந்தப் பெயரில் அறிவிப்பு வந்தாலும் அது குறிப்பது இதே தொழிலைத்தான்.

மாதத்தைப் பற்றி

பெரும்பாலான கல்வி நிறுவனங்கள் 'காஸ்பா' என்னும் மையச் சேவையின் வழியாகவே விண்ணப்பங்களைப் பெறுகின்றன. காஸ்பா ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாத இறுதியில் புதிய சுற்றைத் திறக்கிறது. அந்தச் சுற்றில் விண்ணப்பிப்பவர்களின் வகுப்புகள் பெரும்பாலும் அடுத்த ஆண்டின் ஜனவரி, மே, ஆகஸ்ட் மாதங்களையொட்டித் தொடங்கும். ஆகவே 2027 மே மாதத்தில் பட்டம் பெற்று, அதே கோடையில் இடைவெளி இல்லாமல் சேர விரும்பும் மாணவர் 2026 கோடையிலேயே, அதாவது மூன்றாம் ஆண்டுத் தேர்வுகளை முடித்த கையோடு, விண்ணப்பித்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் அவர் பெறப்போகும் மதிப்பெண்களும் செய்யப்போகும் மருத்துவமனைப் பணியும் அந்த விண்ணப்பத்துக்கு ஏறக்குறைய உதவுவதே இல்லை. முதலாம் ஆண்டிலேயே இதை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் பலருடைய திட்டம் வேறு மாதிரி அமைந்திருக்கும்.

கல்வி நிறுவனங்களில் பல, விண்ணப்பங்கள் எல்லாம் சேரும்வரை காத்திருப்பதில்லை. வந்த வரிசையில் படித்து, நேர்காணலுக்கு அழைத்து, இடங்களையும் வழங்கிக்கொண்டே போகின்றன. இதை 'ரோலிங் அட்மிஷன்' என்கிறார்கள். ஒரு வகுப்பில் 40 இடங்கள் இருப்பதாகவும், செப்டம்பர் முடிவதற்குள் 25 இடங்களை வழங்கிவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். அக்டோபரில் வந்து சேரும் விண்ணப்பம், அதுவரை காத்திருப்போரோடும் அதன்பின் வருவோரோடும் சேர்ந்து, மீதமுள்ள 15 இடங்களுக்குப் போட்டியிடுகிறது. அக்டோபர் கடைசித் தேதிக்கு உட்பட்டதுதான் என்றாலும், மே மாதத்தில் இருந்த வாய்ப்பு அப்போது இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்திய நாளோடு காஸ்பாவில் வேலை முடிந்துவிடுவதில்லை. மதிப்பெண் பட்டியல்களும், குறைந்தது இரண்டு பரிந்துரைக் கடிதங்களும், கட்டணமும் வந்து சேர்ந்த பிறகே விண்ணப்பம் 'நிறைவு' பெற்றதாகக் கருதப்படும். அதன்பின் நீங்கள் பதிந்த பாடங்களை மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். நெரிசலான காலத்தில் இதற்கு நான்கு வாரங்கள் வரை ஆகலாம். ஒரு நிறுவனம் கடைசித் தேதிக்குள் சமர்ப்பித்தால் போதும் என்கிறது. இன்னொன்று அந்த நாளுக்குள் விண்ணப்பம் நிறைவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. வேறொன்று சரிபார்ப்பே முடிந்திருக்க வேண்டும் என்கிறது. செப்டம்பர் 1 என்று போட்டிருக்கும் நிறுவனம் மூன்றாம் வகையைச் சேர்ந்ததென்றால், ஜூலை இறுதிக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நல்ல தகுதியுள்ள மாணவர்கள்கூட, கடிதம் எழுத ஒப்புக்கொண்டவர் தாமதித்த ஒரே காரணத்தால் இந்த இடத்தில் தவறவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே, மே நடுவிலிருந்து ஜூன் இறுதிக்குள் சமர்ப்பிப்பதே நல்லது. சுற்று திறந்த முதல் நாளே சமர்ப்பிக்க வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை. வசந்த செமஸ்டரில் உயிர்வேதியியல் போன்ற முக்கியமான பாடம் ஒன்றை எடுத்திருந்தால், அந்த மதிப்பெண் வரும் வரை, அதாவது மே மூன்றாம் வாரம் வரை, பொறுத்திருந்து அதையும் சேர்த்தே அனுப்புங்கள். 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற குறிப்பைவிட அங்கே நிற்கும் ஒரு நல்ல மதிப்பெண் பல மடங்கு பேசும். அதற்காக மூன்று வாரம் தாமதிப்பதில் பெரிய இழப்பில்லை.

இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா?

விண்ணப்பத்தில் எழுதப்படுவது, அதைச் சமர்ப்பிக்கும் நாளில் உங்கள் கையில் இருப்பது மட்டுமே. ஆகவே 'நான் தயாராக இருக்கிறேனா?' என்று பொதுவாகக் கேட்டுக்கொள்வதில் பயனில்லை. 'வரும் ஜூன் முதல் தேதியில் என் விண்ணப்பம் எப்படி இருக்கும்?' என்று கேட்டு, அதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளின் பக்கத்தில், நீங்கள் சேர விரும்பும் பத்து நிறுவனங்கள் தங்கள் மாணவர்களைப் பற்றி வெளியிட்டிருக்கும் விவரங்களை வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் கடந்த ஆண்டு சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. (பாட மதிப்பெண்களின் சராசரி; உச்சம் 4.0), சராசரி பணி நேரம் ஆகியவற்றைத் தங்கள் இணையதளத்திலேயே தருகின்றன. குறைந்தபட்சத் தகுதியோடு உங்களை ஒப்பிட வேண்டாம். பெரும்பாலான இடங்களில் குறைந்தபட்சம் 3.0 என்றிருக்கும், ஆனால் சேர்ந்தவர்களின் சராசரி அதைவிட நன்றாகவே மேலே இருக்கும். அந்தச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

முதலில் நோயாளிகளோடு நேரடியாகப் பணியாற்றிய நேரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகி வந்து இடையில் இந்தப் பக்கம் திரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் இதில்தான் பின்தங்கியிருக்கிறார்கள். இத்தொழில் தோன்றிய விதமே இதற்குக் காரணம். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் முதல் வகுப்பைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாகப் பணியாற்றியவர்கள். ஏற்கெனவே நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துப் பழகியவரை எடுத்து, குறுகிய காலத்தில் மருத்துவ அறிவைக் கொடுத்து உருவாக்குவது என்பதே அடிப்படை எண்ணம். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே நீளும் இந்தப் படிப்பு, மாணவரிடம் முன்னனுபவத்தை எதிர்பார்ப்பது அதனால்தான்.

நிறுவனத்துக்கு நிறுவனம் எதிர்பார்ப்பு வேறுபடும். எதையும் கட்டாயமாக்காத இடங்களும் உண்டு. 500 மணி, 1,000 மணி, 2,000 மணி என்று கேட்கும் இடங்களும் உண்டு. கணக்கு எளிது. வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் 25 வாரங்களில் 1,000 மணி ஆகும்; 2,000 மணிக்கு முழுதாக ஓராண்டு வேண்டும். படித்துக்கொண்டே வாரம் 10 மணி நேரம் மட்டும் வேலை செய்பவருக்கு 1,000 மணி சேர இரண்டு ஆண்டுகள் ஆகும், அதுவும் தேர்வு வாரங்களில் விடுப்பு எடுக்காமல் இருந்தால். மூன்றாம் ஆண்டு முடிவில் 300 மணியோடு நிற்கும் மாணவர் ஓராண்டு பொறுத்து, பட்டம் பெற்று, முழு நேர வேலையில் சேர்ந்து, 2,000 மணியோடு விண்ணப்பித்தால் அவர் வேறு ஓர் ஆளாகவே தெரிவார். பட்டம் பெற்ற பிறகு ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் இந்தப் படிப்பில் ஏராளம்; அதைப் பின்னடைவாக யாரும் பார்ப்பதில்லை. இதைப் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் 'ஒரு வருஷம் வீணாகிறதே' என்ற கவலை பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வருகிறது.

எந்த வேலை கணக்கில் வரும் என்பதும் ஆண்டைத் தீர்மானிக்கும். அவசர ஊர்தி மருத்துவ உதவியாளர், சான்று பெற்ற செவிலியர் உதவியாளர், மெடிக்கல் அசிஸ்டன்ட், இரத்தம் எடுப்பவர் போன்றோரின் வேலைகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் நேரடி நோயாளிப் பராமரிப்பாக ஏற்கின்றன. மருத்துவர் சொல்வதைப் பதிவு செய்யும் ஸ்கிரைப் வேலையைச் சில நிறுவனங்கள் அப்படியே ஏற்கின்றன; வேறு சில, பொதுவான சுகாதாரத் துறை அனுபவம் என்று ஒரு படி கீழே வைக்கின்றன. ஸ்கிரைப்பாக 1,500 மணி வேலை செய்துவிட்டு, தான் விரும்பிய நிறுவனங்களில் பாதி அதை ஏற்காது என்று மே மாதத்தில் கண்டுபிடிப்பது மிகவும் வேதனையான விஷயம். வேலையில் சேர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு மத்திய அரசு விதித்துள்ள குறைந்தபட்சம் 75 மணி நேரம்தான். மாநிலத்தைப் பொறுத்து இது கூடலாம். எப்படியும் ஒரு கோடைக்குள் பயிற்சியை முடித்து வேலையைத் தொடங்கிவிட முடியும். இனிமேல் செய்யப்போகும் மணிகளைக் கணக்கில் எடுக்கும் நிறுவனங்கள் சில உண்டு. அவற்றை நம்பி மட்டும் ஒரு சுற்றைத் திட்டமிட வேண்டாம்.

அடுத்தது ஜி.பி.ஏ. இங்கே உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட வேண்டும். ஒரு பாடத்தை மறுபடி படித்து நல்ல மதிப்பெண் வாங்கினால் பழையதை நீக்கிவிடும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. காஸ்பா அப்படிச் செய்வதில்லை. முதல் முயற்சியும் மறுமுயற்சியும் இரண்டுமே கணக்கில் சேரும். ஆகவே கல்லூரிச் சான்றிதழில் தெரியும் எண்ணும் காஸ்பா கணக்கிடும் எண்ணும் வேறாக இருக்கலாம். 120 கிரெடிட்களில் (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 3.1 வைத்திருப்பவர் இன்னும் 30 கிரெடிட்கள் எடுத்து எல்லாவற்றிலும் 4.0 வாங்கினாலும் மொத்தம் 3.28க்குத்தான் வரும். முழுதாக ஓராண்டு உழைப்பு, 0.18 உயர்வு. அறிவியல் பாடங்களின் ஜி.பி.ஏ.வைத் தனியாகப் பார்த்தால் நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தரும்: 50 கிரெடிட்களில் 2.9 இருப்பவர் 24 கிரெடிட்களை 4.0இல் முடித்தால் ஏறத்தாழ 3.26 ஆகிவிடும். கடைசி 60 கிரெடிட்களைத் தனியே பார்க்கும் நிறுவனங்களும் உண்டு. முதலாம் ஆண்டில் சறுக்கிப் பின்னர் எழுந்தவருக்கு அவை பொருத்தமானவை. இந்தக் கணக்குகளைப் போட்ட பிறகு, ஓராண்டு தள்ளிப்போட்டால் எண் உண்மையில் எவ்வளவு உயரும் என்பது தெரியும். ஒரு தசமப் புள்ளிகூட உயராது என்றால், ஜி.பி.ஏ.க்காக மட்டும் காத்திருப்பதில் பொருளில்லை. அந்த ஆண்டைப் பணி அனுபவத்துக்காகவும் சரியான நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பதற்காகவும் செலவிடலாம்.

முன்தேவைப் பாடங்களைப் பொறுத்தவரை, சில நிறுவனங்கள் விண்ணப்பிக்கும்போதே எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்கின்றன; சில ஒன்றிரண்டு பாக்கி இருந்தால் ஏற்கின்றன. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், புள்ளியியல் ஆகியவை பெரும்பாலும் எங்கும் கேட்கப்படுபவை. பாக்கியுள்ள ஒரே பாடம் புள்ளியியல் என்றால் இந்த ஆண்டே விண்ணப்பிக்கலாம். உடலியங்கியலே பாக்கி என்றால் பொறுப்பது நல்லது, ஏனென்றால் தேர்வுக் குழு முதலில் தேடும் மதிப்பெண்களில் அதுவும் ஒன்று.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பல நிறுவனங்கள் அறிவியல் பாடங்களை 5, 7 அல்லது 10 ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்கின்றன. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வின் மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். 'இன்னும் கொஞ்சம் வலுப்படுத்திக்கொள்கிறேன்' என்று ஆண்டுகளைக் கடத்துபவர், படித்த பாடங்களையே மறுபடி படிக்க நேரிடும். சராசரியை எட்டியும் பயத்தினால் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. உங்கள் தாளில் உள்ள எண்கள் பத்தில் ஆறு நிறுவனங்களின் சராசரிக்கு அருகில் இருந்தால், விண்ணப்பித்துவிடுங்கள்.

தாமதமாக இந்தச் சுற்றிலா, தொடக்கத்திலேயே அடுத்த சுற்றிலா?

ஆகஸ்ட் மாதத்தில் பலர் நிற்கும் இடம் இது. எல்லாம் ஓரளவு தயார். ஒரு கடிதம் வரவில்லை, சுயவிளக்கக் கட்டுரை இன்னும் சரியாக அமையவில்லை. நான் தரும் அறிவுரை இதுதான்: ஜூலை இறுதிக்குள் விண்ணப்பம் நிறைவு பெறாது என்றால், ரோலிங் முறையில் இடம் வழங்கும் நிறுவனங்களை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகே எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாகப் பார்க்கும் நிறுவனங்கள் சில உண்டு. அவற்றுக்கு மட்டும் அனுப்பலாம். எந்த நிறுவனம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதை அவர்களுடைய சேர்க்கைப் பக்கத்திலேயே பார்க்கலாம். தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டால் பதில் தருவார்கள்.

'அனுப்பித்தான் பார்ப்போமே' என்ற எண்ணத்துக்கு நான் எதிரானவன். முதலாவதாகப் பணம்: முதல் நிறுவனத்துக்குச் சுமார் 180 டாலரும், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 60 டாலருக்குச் சற்று மேலும் காஸ்பாவுக்குச் செலுத்த வேண்டும், பல நிறுவனங்கள் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. பத்து நிறுவனங்கள் என்றால் கணிசமான தொகை ஆகிவிடும். இரண்டாவதாக, மறுபடி அதே நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது, சென்ற முறைக்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது என்ற கேள்வி எழும். அரைகுறையாக அனுப்பிய விண்ணப்பம், அடுத்த ஆண்டு அனுப்பும் நல்ல விண்ணப்பத்தின் மேல் ஒரு நிழலாக விழக்கூடும். மூன்றாவதாக, காஸ்பாவின் சுயவிளக்கக் கட்டுரை 5,000 எழுத்துக்குறிகளுக்குள், இடைவெளிகளையும் சேர்த்து, அடங்க வேண்டியது. அது எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாகவே போகும். சமர்ப்பித்த பிறகு மாற்ற முடியாது. அவசரத்தில் எழுதியதோடு முழுச் சுற்றையும் கழிக்க வேண்டியிருக்கும்.

பரிந்துரைக் கடிதங்களைப் பிப்ரவரியிலேயே கேட்டுவிடுங்கள். எழுதுபவருக்கு இரண்டு மாதமாவது அவகாசம் இருந்தால்தான் உங்களைப் பற்றி யோசித்து எழுதுவார். பல நிறுவனங்கள் மூன்று கடிதங்கள் கேட்கின்றன, சில அவற்றில் ஒன்றாவது பிசிஷியன் அசிஸ்டன்ட் ஒருவரிடமிருந்து வர வேண்டும் என்கின்றன. அப்படி ஒருவரை இன்னும் அறியாதவர், அவர் அருகில் நின்று பணியைக் கவனிக்கும் வாய்ப்பைத் தேடும் வேலையை முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்க வேண்டும்.

பணம், குடும்பம், வெளிநாட்டுப் பட்டம்

படிப்புக் காலத்தில் வேலை செய்ய முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலான நிறுவனங்கள் அதை வெளிப்படையாகவே ஊக்குவிப்பதில்லை. கடன் விதிகளும் மாறியுள்ளன. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 'கிராட் பிளஸ்' என்னும் மத்திய அரசுக் கடன் கிடைக்காது. பொதுவான மேற்படிப்பு மாணவர்களுக்கான மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்ற வரம்புக்குள் அடங்கும். தொழிற்கல்வி என வகைப்படுத்தப்படும் படிப்புகளுக்கு வரம்பு இதைவிட உயர்வு. நீங்கள் சேரவிருக்கும் படிப்பு எந்த வகையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த நிறுவனத்தின் நிதியுதவி அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வரம்புக்கு மேலே வரும் தொகையைத் தனியார் கடனால் நிரப்புவதா, ஓராண்டு வேலை செய்து சேமிப்பதா என்பதும் ஆண்டைத் தீர்மானிக்கும் கேள்வியே.

இடம் கிடைத்த பிறகு ஓராண்டு தள்ளிச் சேர்கிறேன் என்று கேட்டால் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிரசவம், குடும்பத்தில் ஒருவரின் சிகிச்சை, இடமாற்றம் போன்றவை எதிர்பார்க்கப்படும் ஆண்டில் தொடங்கும் வகுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

இந்தியாவிலோ வேறு நாட்டிலோ பட்டம் பெற்றவர்கள் இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். வெளிநாட்டு மதிப்பெண்களைப் பாடவாரியாக மதிப்பிட்டுத் தரும் அறிக்கை தேவைப்படும். பல்கலைக்கழகத்திலிருந்து உறையிட்ட சான்றுகளை வரவழைப்பதற்கே சில நேரம் மாதங்கள் ஆகும். அதோடு, முன்தேவைப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. சில நிறுவனங்கள் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ உள்ளவர்களை மட்டுமே சேர்க்கின்றன. இவற்றைப் பார்க்காமல் ஏப்ரலில் காஸ்பாவில் கணக்குத் தொடங்குபவருக்கு அந்தச் சுற்று பெரும்பாலும் கைநழுவிப் போகும்.

எந்த ஆண்டாக இருந்தாலும், ஏ.ஆர்.சி-பி.ஏ. என்னும் அங்கீகார அமைப்பின் தளத்தில் நிறுவனத்தின் தற்போதைய நிலையைப் பார்த்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்தான் பேன்ஸ் என்னும் உரிமத் தேர்வை எழுத முடியும். புதிதாகத் தொடங்கும் படிப்பு ஒன்று 'அங்கீகாரம் எதிர்பார்க்கப்படுகிறது' என்ற நிலையிலேயே விண்ணப்பங்களை வாங்கலாம். அந்த அங்கீகாரம் தள்ளிப்போனால் வகுப்பும் தள்ளிப்போகும், அதில் மட்டுமே நம்பிக்கை வைத்தவரின் ஆண்டும் அதோடு போகும்.

விண்ணப்பித்த பிறகு

சமர்ப்பித்த பின்பும் வேலையை விடாமல் தொடருங்கள். புதிய அனுபவங்களைச் சேர்க்கவும், முடித்த பாடங்களின் மதிப்பெண்களை அதற்கென ஒதுக்கப்பட்ட காலத்தில் பதியவும் காஸ்பா இடமளிக்கிறது. நவம்பர் வரை ஒரு நேர்காணல் அழைப்பும் வரவில்லை என்றால், நம்பிக்கையை விடாமலே அடுத்த சுற்றுக்கான பணியைத் தொடங்கிவிட வேண்டும். எந்த நிறுவனம் நிராகரித்ததோ அங்கே காரணம் கேட்டு எழுதுங்கள். சில நிறுவனங்கள் உண்மையாகவே பயனுள்ள பதில் தருகின்றன. சுயவிளக்கக் கட்டுரையைத் திருத்தாமல் புதிதாக எழுதுங்கள், கடிதங்களையும் புதிதாகக் கேளுங்கள். மறுபடி விண்ணப்பிப்பது என்ற முடிவை டிசம்பர் தொடக்கத்தில் எடுப்பவர் ஜனவரி செமஸ்டரில் ஓர் அறிவியல் பாடத்துக்குப் பதிவு செய்து, மே மாதத்தில் அந்த மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். மார்ச் வரை காத்திருந்து எடுப்பவருக்கு அந்த வசந்த செமஸ்டர் ஏற்கெனவே பாதி முடிந்திருக்கும்.